அசோகர் அப்படியே இருக்கிறார், ஊர்தான் மாறிவிடுகிறது

தஞ்சாவூர் கீழவாசலில் எங்கள் மருந்துக்கடையைச் சாத்தி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடிக்கும்போது மணி பத்தரை ஆகிவிடும். அதற்கப்புறம் கிடைக்கிற ஒன்றரை மணி நேரம்தான் எனக்கே எனக்கான நேரம். அந்த நேரத்தில் 20 வருஷத்துக்கும் மேலாக நான் ஆடிவருவது ஒரே கம்ப்யூட்டர் ஆட்டம், சிவிலைசேஷன். 2025 பிப்ரவரியில் வந்த அதன் ஏழாம் பாகத்தை ஒரு வருஷம் ஆடிப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். முதல் வாரத்திலேயே எழுதியிருந்தால் கோபத்தில் எழுதியிருப்பேன்.

ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிறிஸ்துவுக்கு முன் 4000-இல், வெறும் நிலத்தில், ஒரு குடியேறிக் கூட்டத்தோடு தொடங்குவோம். ஊர் அமைப்போம், நிலம் திருத்துவோம், எழுத்து கண்டுபிடிப்போம், அண்டை நாட்டோடு சண்டை போடுவோம் அல்லது சம்பந்தம் பேசுவோம், கடைசியில் ராக்கெட் விடுவோம். சதுரங்கம் மாதிரி முறை வைத்து ஆடுவது. சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் சேர்ந்து 1991-இல் உண்டாக்கிய ஆட்டம் இது. அன்றைக்கு இருந்து இன்றைக்கு வரை அதன் வாக்குறுதி ஒன்றுதான்: காலத்தின் சோதனையைத் தாங்கி நிற்கும் ஒரு பேரரசைக் கட்டிக் காட்டு.

எனக்கு இதைக் காட்டியது என் அண்ணன். 2002-இல் இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் இருந்து மூன்றாம் பாகத்தின் சிடியைக் கொண்டுவந்தான். எனக்கு அப்போது 13 வயது. "பாப்பா, நீ பக்கத்துல உக்காந்து பாரு, தொடாத" என்றான். இரண்டாவது நாளே தொட்டுவிட்டேன். நான்காம் பாகம் வந்த பிறகு, ஒரே கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றி உட்கார்ந்து ஆடுகிற ஹாட்சீட் முறையில் அவனும் நானும் பொங்கல் லீவு முழுக்க ஆடியிருக்கிறோம். அவன் முறை வரும்போது நான் அடுக்களைப் பக்கம் போய்விட வேண்டும், திரையைப் பார்க்கக் கூடாது. அதுதான் எங்கள் ஒப்பந்தம்.

இந்தத் தொடரில் மாற்றம் வருவதும் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொள்வதும் புதிதல்ல. ஒவ்வொரு பாகத்திலும் மூன்றில் ஒரு பங்கு பழையது, ஒரு பங்கு செப்பனிட்டது, ஒரு பங்கு புத்தம் புதியது என்பது இதைத் தயாரிக்கிற ஃபிராக்ஸிஸ் நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லி வைத்திருக்கிற கணக்கு. சண்டை எப்போதும் அந்தப் புதிய பங்கில்தான் தொடங்கும்.

2010-இல் ஐந்தாம் பாகம் வந்தபோது எங்கள் வீட்டிலேயே அது நடந்தது. அதுவரை ஒரே கட்டத்தில் எத்தனை படையை வேண்டுமானாலும் அடுக்கலாம். அண்ணன் நாற்பது படையை ஒரே இடத்தில் குவித்து நகர்த்திக்கொண்டு வருவான், எதிரே இருப்பது என்னவானாலும் பொடிப்பொடி. ஐந்தாம் பாகத்தில் சதுரக் கட்டங்கள் அறுகோணமாயின, ஒரு கட்டத்துக்கு ஒரே படை என்று விதி வந்தது. அண்ணனுக்கு உயிரே போய்விட்டது. "இது சிவிலைசேஷனே இல்ல, வேற ஏதோ" என்று ஒரு வருஷம் தொடவில்லை. எனக்கோ அதுதான் பிடித்தது. வில்லாளியை மலைமேல் ஏற்றி, ஆற்றுக்கு இந்தக் கரையில் ஈட்டிக்காரனை நிறுத்தி, ஒரு கணவாயை மூன்றே படையால் காக்கிறபோதுதான் முதல் தடவையாக நிலம் என்ற ஒன்று எனக்குத் தெரிந்தது. 2016-இல் ஆறாம் பாகம் நகரத்தைப் பிரித்து வளாகம் வளாகமாக வரைபடத்தில் பரப்பியது. படம் பொம்மைப் படம் மாதிரி இருக்கிறது என்று அண்ணன் முகம் சுளித்தான். நான் அதிலும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏழாம் பாகத்தைக் குறை சொல்கிற எங்களைப் பார்த்து "உங்களுக்கு மாற்றமே பிடிக்காது" என்று சொல்லிவிடுகிறார்கள். என் விஷயத்தில் அது பொய். 15 வருஷமாக மாற்றத்தின் பக்கம் நின்று அண்ணனோடு வாதாடியவள் நான். இந்தத் தடவை அண்ணன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

சரி, அப்படி என்ன மாற்றிவிட்டார்கள்? ஆட்டத்தை மூன்று யுகங்களாக வெட்டிவிட்டார்கள்: ஆன்டிக்விட்டி (பழங்காலம்), எக்ஸ்ப்ளோரேஷன் (புது நிலம் தேடிப் போகும் காலம்), மாடர்ன் (நவீன காலம்). ஒவ்வொரு யுக முடிவிலும் ஒரு நெருக்கடி வரும். கொள்ளை நோய், படையெடுப்பு, உள்நாட்டுக் கலகம் என்று ஏதாவது ஒன்று. அது முடிந்ததும் திரை இருண்டு, அடுத்த யுகத்துக்கு நீங்கள் வேறொரு நாகரிகமாக மாற வேண்டும். மௌரியராகத் தொடங்கியவர் மௌரியராக முடிக்க முடியாது. உங்கள் தலைவர் மட்டும் தொடக்கம் முதல் கடைசி வரை அவரேதான். யாரும் எந்த நாட்டுக்கும் தலைவராகலாம், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எகிப்தை ஆளலாம்.

என் முதல் ஆட்டத்தில் நான் அசோகர், மௌரியர். எதற்காக மௌரியர் என்றால், இரண்டாம் யுகத்தில் சோழர் இருக்கிறார்கள் என்று தெரியும். மௌரியராக ஆடினால் அவர்களுக்கு வழி திறக்கும். இத்தனை வருஷத்தில் இந்தத் தொடரின் ஒரு பாகம் வெளிவரும்போதே அதில் சோழர் தனி நாகரிகமாக இருந்தது இதுதான் முதல் தடவை. பெரிய கோயில் கோபுரத்தை மொட்டை மாடியில் இருந்தே பார்க்கிற வீட்டில் வளர்ந்தவளுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரவு அண்ணனுக்கு போன் போட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட் நேரம், அப்படியும் எடுத்தான். "சோழன் இருக்கான்டா" என்றேன். "பெரிய கோயிலும் இருக்காம்" என்றான்.

முதல் யுகக் கடைசியில் பாரசீகத்தோடு சண்டை. யானைப்படையை முன்னால் வைத்து, மூன்று பக்கமும் வளைத்து, மதில் விழுந்துவிட்டது. இன்னும் இரண்டு முறை ஆடினால் ஊர் என்னுடையது. அடுத்த முறைக்குப் பொத்தானை அழுத்தினேன். யுகம் முடிந்துவிட்டது. ஆட்டத்துக்குக் குரல் கொடுத்த நடிகை க்வென்டோலின் கிறிஸ்டி ஏதோ அழகாகச் சொல்கிறார், திரையில் ஓவியம் நகர்கிறது. மறுபடி வரைபடம் வந்தபோது சண்டை இல்லை, எல்லாரோடும் சமாதானம். மதிலுக்கு முன்னால் நின்ற யானைகள் அங்கே இல்லை. தளபதிகளும் அவர்களோடு தங்கிய படையும் என் ஊருக்குள் திரும்பி வந்து, புது யுக உடுப்போடு நிற்கின்றன. நான் பார்த்துப் பார்த்து வளர்த்த நகரங்கள், தலைநகரைத் தவிர, மறுபடி சிற்றூர்களாக இறங்கியிருந்தன. இடிந்த மதில் யாரோ பூசி வைத்த மாதிரி முழுசாக நிற்கிறது.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்த ஆட்டத்தில் தோற்றால் எனக்கு வருத்தமே வராது. எத்தனையோ தடவை தோற்றிருக்கிறேன். ஆனால் செய்ததன் பலன், நல்லதோ கெட்டதோ, என் கையில் இருக்க வேண்டும். அதுதான் இல்லை.

அப்புறம் சோழ யுகம். இதை நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஆட்டத்தில் மிக நன்றாகச் செய்யப்பட்ட பகுதி இது. சோழர் என்றதும் வாளும் புலிக்கொடியும் என்று போகாமல், கடலையும் வணிகத்தையும் பிடித்திருக்கிறார்கள். அவர்களுக்கே உரிய கப்பலின் பெயர் கலம். வணிகப் பிரிவின் பெயர் ஒற்று. ஒற்று என்றால் உளவு, அதை எப்படி வணிகனுக்கு வைத்தார்கள் என்று முதலில் யோசித்தேன். அப்புறம் ஊர் ஊராகப் போகிற வியாபாரியைவிட நல்ல ஒற்றன் யார் என்று தோன்றியது. நகரத்தில் மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்று இரண்டு கட்டடங்களை ஒரே இடத்தில் கட்டினால் ஐந்நூற்றுவர் வளாகம் உண்டாகும்.

இந்த மூன்று பெயரும் பாடப்புத்தகத்தில்கூட ஓரமாக வருகிறவை. மணிக்கிராமமும் அஞ்சுவண்ணமும் 849-ஆம் ஆண்டு கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலேயே இருக்கின்றன. ஐந்நூற்றுவர் சுமத்ராவில் பாருஸ் துறைமுகத்துப் பக்கம் 1088-இல் தமிழிலேயே கல்வெட்டு வைத்துவிட்டு வந்தவர்கள். ராஜேந்திரன் 1025-இல் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பியதை எல்லாரும் பேசுவார்கள். அதற்கு முன்னும் பின்னும் அந்தக் கடலில் மிளகும் கற்பூரமும் ஏற்றிப் போய்வந்தவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? அமெரிக்காவில் மேரிலாண்டில் உட்கார்ந்து இந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் பேசியிருக்கிறார்கள். அதற்காக அவர்களுக்கு மனசார நன்றி.

பெரிய கோயில் உலக அதிசயங்களில் ஒன்றாக வருகிறது. விமானம் அடுக்கடுக்காக எழும்புவதை என் மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். "நந்தியைக் காணோமே" என்றார். இப்போதிருக்கிற பெரிய நந்தியும் மண்டபமும் நாயக்கர் காலத்தவை என்று சொன்னேன். "அப்ப சரி" என்று போய்ப் படுத்துக்கொண்டார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் மாடர்ன் யுகம் வந்தது. சோழருக்கு அடுத்து என்ன என்று கேட்கிற திரையில், வரலாற்றுப்படி பொருத்தமானது என்று ஆட்டமே முன்னால் எடுத்து வைத்த பெயர் முகலாயர். பக்கத்தில் வேறு சில நாடுகளும் இருந்தன, தமிழோடு ஒட்டுறவு உள்ளது ஒன்றுமில்லை. முகலாயர் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. ஆனால் இந்தத் தஞ்சாவூர் ஏன் முகலாயம் ஆக வேண்டும்? தொடக்கமும் அப்படித்தான். அசோகரின் பாறைக் கல்வெட்டுகளே சோழரையும் பாண்டியரையும் தன் எல்லைக்கு வெளியே இருக்கிறவர்களாகத்தான் பெயர் சொல்கின்றன. வெளியே இருந்தவர்களை உள்ளிருந்து பிறக்க வைத்து, அப்புறம் டெல்லிக்கு அனுப்புகிறது ஆட்டம்.

சீனத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஹான், மிங், சிங் என்று ஒரே கோட்டில் போகலாம். மற்றவர்கள் நிலை அப்படியல்ல. எகிப்தின் கையில் மூன்று குதிரை வளம் இருந்தால் அது மங்கோலியா ஆகலாம் என்று அறிமுகத்திலேயே காட்டினார்கள். ரசிகர்கள் கொதித்ததற்கு அந்த மூன்று குதிரை பெரிய காரணம். 2021-இல் வேறொரு நிறுவனத்தின் ஹியூமன்கைண்ட் இதே மாதிரி நாகரிகம் மாற்றுகிற ஆட்டத்தைக் கொண்டுவந்தபோதும் இதே குறைதான் பேசப்பட்டது. பக்கத்து வீட்டில் சரியாக வேகாத சோற்றைப் பார்த்த பிறகும் அதே உலையில் அரிசி போட்டார்களே என்பதுதான் பலருடைய ஆதங்கம்.

அண்ணன் கட்சி வேறு. அவன் சொல்வதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். "பாப்பா, 20 வருஷத்துல நான் எத்தனை ஆட்டம் முடிச்சிருக்கேன் சொல்லு" என்றான். உண்மைதான், அவன் முடித்ததே இல்லை. நீராவி எந்திரம் வருகிற நேரத்தில் ஒவ்வொரு முறைக்கும் நாற்பது நகரத்தையும் எழுபது படையையும் பார்க்க வேண்டியிருக்கும், ஜெயிப்பது யார் என்பதும் தெரிந்திருக்கும். சேமித்து வைத்துவிட்டு அடுத்த வாரம் புது ஆட்டம் தொடங்கிவிடுவான். ஏழாம் பாகத்தின் கிரியேட்டிவ் டைரக்டர் எட் பீச்சும் இந்த மாற்றத்துக்குச் சொன்ன காரணங்களில் இது ஒன்று: பெரும்பாலானவர்கள் ஆட்டத்தை முடிப்பதே இல்லை. யுகமாக வெட்டியதால் அண்ணனுக்கு ஒரு யுகம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிறது. மார்ச் மாதத்தில் ராத்திரி ஒன்றரைக்கு எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான், வெற்றித் திரை. அவன் வாழ்க்கையிலேயே முதல் வெற்றித் திரை. அதைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன்.

அவனுடைய இன்னொரு வாதம்: ஊர் என்பதே அடுக்குத்தானே, தஞ்சாவூர்க்காரி நீ இதைக் குறை சொல்லலாமா? ஆட்டத்தைச் செய்தவர்களும் இதையேதான் சொன்னார்கள், லண்டன் மண்ணுக்கு அடியில் ரோமானியர் ஊர் இருக்கிறது என்று. இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் யோசித்தேன்.

அடுக்கு எனக்குத் தெரியாததா? சோழர் போய்ப் பாண்டியர் வந்தார்கள். 1532-இல் நாயக்கர் ஆட்சி தொடங்கியது. 1676 வாக்கில் மராட்டியர், அதற்கப்புறம் 1855-இல் வெள்ளைக்காரன் வாரிசில்லை என்று முழுசாக எடுத்துக்கொண்டான். கோயிலுக்குள்ளேயே ராஜராஜன் கல்வெட்டும் இருக்கிறது, நாயக்கர் கட்டிய முருகன் சன்னதியும் இருக்கிறது, சரபோஜி வெட்டி வைத்த மராத்திக் கல்வெட்டும் இருக்கிறது. எங்கள் கடைக்கு மருந்து வாங்க வருகிறவர்களில் வீட்டில் மராத்தி பேசுகிறவர் உண்டு, சௌராஷ்டிரம் பேசுகிறவர் உண்டு, தெலுங்கு பேசுகிறவர் உண்டு. சீட்டை நீட்டி எல்லாரும் தமிழில்தான் கேட்கிறார்கள்.

ஆக, இங்கே நடந்தது என்ன? ஆண்டவர்கள் மாறினார்கள். ஊரும் ஊர்க்காரரும் வந்தவரைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரோடு இருந்தார்கள். ஏழாம் பாகம் இதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது. அங்கே ஆள்கிறவர் ஆறாயிரம் வருஷம் அப்படியே இருக்கிறார், மக்கள்தான் ஒரே ராத்திரியில் வேறு மக்களாகிறார்கள். மௌரியருக்கும் அசோகர், சோழருக்கும் அசோகர், முகலாயருக்கும் அசோகர். ஒரு தமிழ்த் தலைவர்கூட வெளியீட்டில் இல்லாததால் என் சோழ நாட்டுக்கு வேறு வழியும் இல்லை. தலைவரை மாற்றி மக்களை வைத்துக்கொள்ளுங்கள் என்றிருந்தால், அடுக்கு என்ற அந்த நல்ல யோசனைக்கு நானே முதல் ஆளாகக் கைதட்டியிருப்பேன். நாயக்கர் காலத்தில் புதுத் தலைவர், புதுக் கட்டடம், புதுச் சட்டம், அதே ஊர். அந்த ஆட்டத்தை என்னால் கண்ணை மூடிக்கொண்டே பார்க்க முடிகிறது.

இதைச் சொன்னபோது அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "காந்தியவே எடுத்துட்டானுங்க, நீ ராஜேந்திரனக் கேக்குற" என்றான். அதுவும் நியாயம்தான். 1991 முதல் ஒவ்வொரு பாகத்திலும் வந்த காந்தி இந்தத் தடவை வெளியீட்டில் இல்லை. பழைய ஆட்டக்காரர்களுக்கு அது வீட்டுப் பெரியவர் இல்லாத கல்யாணம் மாதிரி இருந்தது.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். படையைத் தளபதிக்குக் கீழே சேர்த்து நகர்த்துவது அருமை. அண்ணனுடைய குவியலுக்கும் என்னுடைய தனித்தனிப் படைக்கும் நடுவே 15 வருஷம் கழித்து ஒரு சமாதானம். ஆறுகளில் கப்பல் போகிறது, காவிரிக் கரையில் இருக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! நிலம் திருத்தும் வேலையாட்களை எடுத்துவிட்டார்கள், நிம்மதி. ஒரு கட்டடம் என்ன பலன் தருகிறது என்பதைத் திரையில் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. வெளிவந்தபோது ஊருக்குப் பெயர் மாற்றக்கூட வழி இல்லை. பின்னால் வந்த மேம்படுத்தலில் அது கிடைத்ததும் பாடலிபுத்திரத்தை எடுத்துவிட்டுத் தஞ்சாவூர் என்று வைத்தேன், பக்கத்து ஊர்களுக்கு வல்லம், திருவையாறு, கரந்தை. யுகம் மாறும்போது படை நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி ஒரு ஏற்பாடும் அப்புறம் வந்தது. அது முதலிலேயே இருந்திருந்தால் என் யானைகள் மதிலுக்கு முன்னாலேயே நின்றிருக்கும்.

2025 கடைசியில், ஒரே நாகரிகத்தோடு முழு ஆட்டத்தையும் ஆட வழி செய்யும் வேலையில் இருப்பதாக ஃபிராக்ஸிஸ் அறிவித்தது. கத்தியவர்கள் வெறுமனே கத்தவில்லை என்பதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அண்ணன் மாதிரி ஆடுகிறவர்களுக்கு யுகம் மாறுவதும் இருக்கட்டும், அது அவர்களுக்கு நிஜமாகவே நல்லது.

வாங்கலாமா என்று கேட்டால்: இந்தத் தொடரைத் தொட்டதே இல்லை, வேலைக்குப் போய்க்கொண்டு கிடைத்த நேரத்தில் ஆட வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், அசோகரை எடுத்துச் சோழ யுகம் வரை ஆடுங்கள். நான்கு, ஐந்து, ஆறு என்று என்னை மாதிரி வளர்ந்தவர் என்றால் முழு விலை கொடுக்காதீர்கள். தள்ளுபடி வரட்டும், ஒரே மக்களோடு ஆடுகிற அந்த வழியும் வரட்டும். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பேர் மாறி மாறி ஆட நினைக்கிறவர்களுக்கு இது இல்லை. ஹாட்சீட் இல்லாமல்தான் ஏழாம் பாகம் வெளிவந்தது.

அண்ணன் சித்திரைத் தேருக்கு வருகிறான். நான்காம் பாகத்தை லேப்டாப்பில் ஏற்றி வைத்துவிட்டேன். அவன் முறையில் நான் அடுக்களையில் இருப்பேன்.